பராமரிப்பாளரா, பாதுகாவலரா?
மனநலத் துறைத் தமிழில் ஒரு சொல்லாட்சி பற்றிய மதிப்பீடு

1. முன்னுரை

பெங்களூரில் இருந்த பைத்தியக்கார விடுதி 1925இல் மனநோய் மருத்துவமனை எனப் பெயர் மாறிற்று. 1954இல் அனைத்திந்திய மனநல நிறுவனம் அந்நகரில் தோன்றியது. 1974இல் இவ்விரண்டும் இணைந்து, இன்று நிம்ஹான்ஸ் என வழங்கும் தேசிய நிறுவனம் ஆயின. இப்பெயர் வரலாறு நோயரைப் பற்றிய நோக்கு மாறிவந்ததைக் காட்டுகிறது. ஆனால் நோயரின் அருகில் இரவும் பகலும் இருக்கும் மனைவி, மகள், மருமகள், சம்பளத்திற்கு அமர்த்தப்பட்ட பெண் ஆகியோரைச் சுட்டப் பொருத்தமான பொதுச்சொல் தமிழில் இன்னும் நிலைபெறவில்லை. வழங்கும் சொற்களின் பொருத்தப்பாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. சட்டம் காட்டும் மாற்றம்

1912ஆம் ஆண்டின் பைத்தியச் சட்டம் விடுதியை மையமாகக் கொண்டது. அதனை நீக்கி வந்த 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் ‘உறவினர்’ என்பதை வரையறுத்தது; இரத்தம், திருமணம், தத்து ஆகியவற்றால் உறவுடையோர் அதில் அடங்குவர். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமோ, நோயருடன் வசித்து அவரைக் கவனிக்கும் பொறுப்பேற்றவர் யாராயினும், ஊதியம் பெறினும் பெறாவிடினும், அவரை ஒரே சொல்லால் சுட்டுகிறது. அதாவது வரையறை உறவிலிருந்து செயலுக்கு நகர்ந்துள்ளது. மொழிபெயர்ப்பில் காக்கப்பட வேண்டிய பொருள்கூறு இதுவே.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதே ஆங்கிலச் சொல்லை ஆள்கிறது. ஆனால் உடன்வசித்தலை அது வேண்டுவதில்லை. இரண்டிற்கும் ஒரே தமிழ்ப்பெயரை இடும்போது இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது.

3. வழங்கும் சொற்கள்

‘பாதுகாவலர்’, ‘காப்பாளர்’ என்பன பிறர் சார்பில் முடிவெடுக்கும் அதிகாரத்தைக் குறிப்பன. பள்ளி விண்ணப்பத்தில் தந்தைக்கு மாற்றாகக் கையொப்பமிடுபவர் பாதுகாவலர். மாணவர் விடுதியை நடத்துபவர் காப்பாளர். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் உடனிருந்து கவனிப்பவர் என்ற ஒரே காரணத்தால் ஒருவர்க்கு இவ்வதிகாரம் கிட்டுவதில்லை. தமக்குரிய பிரதிநிதியை வெற்றுத்தாளில் எழுதிக் கையொப்பமோ கைரேகையோ இட்டு நியமிக்கும் உரிமை வயது வந்த நோயருக்கே உண்டு. கவனிப்பவரைப் பாதுகாவலர் என்று மொழிபெயர்த்தால், நோயருக்குச் சட்டம் வழங்கிய உரிமையைச் சொல் பறித்துவிடுகிறது. இது நடையழகு பற்றிய குறை அன்று, பொருட்பிழை.

‘பராமரிப்பாளர்’ என்பதில் இப்பிழை இல்லை. ஆயினும் வேறொரு சிக்கல் உண்டு. மேலாளர், செயலாளர், ஒருங்கிணைப்பாளர் ஆகியவற்றில் வரும் ‘-ஆளர்’ விகுதி பெரும்பாலும் பதவியையோ தொழிலையோ சுட்டுகிறது. படிவத்தில் ‘பராமரிப்பாளர் பெயர்’ என்றிருப்பின் சம்பளத்திற்கு வந்த பெண் தம் பெயரை எழுதக்கூடும். பத்தாண்டு மாமியாரைக் குளிப்பாட்டி உணவூட்டிய மருமகள் அது தம்மைக் குறிப்பதாகவே கருதாமல் போகலாம்.

4. வினையின் வழி

பேச்சுத்தமிழில் இச்செயலுக்குரிய வினை ‘பார்த்துக்கொள்’ என்பது. ‘அம்மாவைப் பார்த்தாள்’ என்பதில் காட்சி மட்டுமே உண்டு. ‘அம்மாவைப் பார்த்துக்கொண்டாள்’ என்பதில் ‘கொள்’ என்னும் துணைவினை அப்பொறுப்பை எழுவாயின்மேல் ஏற்றுகிறது. கன்னடத்தில் ‘நோடிகொள்ளு’, தெலுங்கில் ‘சூசுகொனு’ என இதே அமைப்பு காணப்படுகிறது. எனவே பெங்களூர் மருத்துவமனை ஒன்றில் மும்மொழியாளரும் எளிதில் உணரும் வடிவம் இது.

‘கடையைப் பார்த்துக்கொள்’ என்றும் வழங்குவதால் இவ்வினை மனிதருக்கே உரியதன்று எனலாம். உண்மையே. இதன் தகுதி வினையாலணையும் பெயராக வரும்போது தெளிவாகிறது. ‘பார்த்துக்கொள்பவர்’ என்பது பதவியைச் சுட்டாமல் செயலைச் சுட்டுகிறது. உறவு, ஊதியம் எதனையும் முன்கூட்டி வேண்டுவதில்லை. புதிய சட்டத்தின் வரையறையும் இதுவேயாம்.

5. நோயின் பெயர்

நோய்க்கு இடும் பெயரும் பார்த்துக்கொள்பவரைத் தாக்குகிறது. டிமென்ஷியாவை ‘மறதி நோய்’ என்னும்போது அதன் ஒரு கூறே பெயராகிறது. சொல் கிட்டாமை, தேவையற்ற ஐயம், சினம், வழிதவறல் ஆகியனவும் இந்நோயில் தோன்றும். ‘மறதிதானே’ என்று கேட்டுப் பழகிய குடும்பம், முதியவர் மருமகள்மேல் திருட்டுப்பழி சுமத்துவதை நோயின் குறியாகக் கொள்ளாமல் அவர்தம் குணமாகவே கொள்ள நேரும். ஜப்பானில் அறிவின்மைப் பொருள் தொனித்த பழைய பெயர் 2004இல் கைவிடப்பட்டு, அறிதிறன் சார்ந்த புதிய பெயர் ஏற்கப்பட்டது. தமிழிலும் ‘அறிதிறன் நலிவு நோய்’ போன்ற பெயர் ஆராயத்தக்கது.

6. முடிவுரை

‘பார்த்துக்கொள்பவர்’ நீண்ட சொல். தொகைச்சொல் ஆக்க எளிதன்று. ஆய்வுத் தலைப்புகளிலும் அட்டவணைகளிலும் ‘பராமரிப்பாளர்’ தொடரலாம். ஆனால் நோயரும் குடும்பத்தாரும் படித்துக் கையொப்பமிடும் தாள்களில், 2017ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு ‘உடன்வசித்துப் பார்த்துக்கொள்பவர்’ என்றும், 2016ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் ‘பார்த்துக்கொள்பவர்’ என்றும் எழுதுதல் தகும். ‘பாதுகாவலர்’ என்பது, சட்டம் அவ்வதிகாரத்தை வழங்கியுள்ள இடங்களில் மட்டுமே நிற்க வேண்டும். தம்மைச் சுட்டும் சொல்லைப் படித்தவுடன் அம்மருமகள் ‘அது நான்தான்’ என்று உணர்வாராயின், மொழிபெயர்ப்பு தன் பணியைச் செய்ததாகும்.