தூக்கிக் கட்டினால் ஷாக்குக்கு ஓட்டம் கூடுமா?

மதுரை மாட்டுத்தாவணியில் வாடகைக் கார் ஓட்டுபவரிடம் வண்டியில் என்ன குறை என்று கேட்டால், மைலேஜுக்கு அடுத்தபடியாக வருவது "அடி தட்டுது" என்பதுதான். டிசையர் ஆளேறாமல் நிற்கும்போது அதன் அடிப்பாகம் தரையிலிருந்து 163 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். ஐந்து பேரும் டிக்கி நிறையப் பெட்டியும் ஏறிவிட்டால், மேலூர் சாலையை விட்டு ஊருக்குள் திரும்பியதும் முதல் வேகத்தடையிலேயே சைலன்சர் உரசும். பட்டறையில் இதற்குச் சட்டென்று ஒரு வழி சொல்வார்கள்: "மேல ஒரு ஸ்பேசர் போட்டாப் போதும்ணே, வண்டி தூக்கிரும். ஷாக்குக்கும் நல்லா இடம் கிடைக்கும்." இதில் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி தவறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் காசும் வண்டியும் வீணாகின்றன.

1983-இல் வந்த மாருதி 800 முதல் இன்றைய சின்னக் கார்கள் வரை பெரும்பாலானவற்றின் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் அமைப்புதான். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக நிற்க, அதன் தலையை பாடியோடு பிடித்திருப்பது டாப் மவுண்ட். அதன் ரப்பர் அதிர்வைத் தாங்குகிறது. பேரிங், ஸ்டீயரிங் திருப்பும்போது தூணைச் சுழலவிடுகிறது. ஸ்பேசர் என்பது இந்த மவுண்டுக்கும் பாடிக்கும் நடுவே வைக்கும் அலுமினிய அல்லது பாலியூரித்தேன் தட்டு. தட்டின் கனத்துக்கு ஏற்ப பாடி மேலே போகும். ஆனால் ஸ்பிரிங் சுமக்கும் எடை அதேதான். ஆகவே ஸ்பிரிங் அமுங்கும் அளவும் அதேதான். ஷாக்கின் ராடு பம்ப் ஸ்டாப் என்னும் தடுப்பு ரப்பரில் இடிக்கும் முன் எவ்வளவு உள்ளே போக முடியுமோ, அந்த ஓட்டத்தில் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை. குழியில் 'டங்' என்று இடித்த வண்டி, ஸ்பேசர் போட்ட பிறகும் இடிக்கத்தான் செய்யும்.

அதற்காக ஸ்பேசரை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஸ்பிரிங் சுருள்களுக்கு இடையே திணிக்கிறார்களே ரப்பர் பஃபர், அதைவிட இது எவ்வளவோ மேல். பஃபர் சில சுருள்களை வேலை செய்யவிடாமல் அடைத்து ஸ்பிரிங்கை விறைப்பாக்கிவிடும். சுமை மீதிச் சுருள்களில் ஏறும். ஸ்பேசர் ஸ்பிரிங்கைத் தொடுவதில்லை, சவாரியின் மென்மை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது, வேண்டாமென்றால் கழற்றியும் விடலாம். தரைத்தட்டு மட்டுமே குறை என்றால், நல்ல தரத்தில் 15 மில்லிமீட்டர் அளவுக்குள் போடுவதில் பொறியியல் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன்.

சிக்கல் சக்கரம் தொங்கும்போது வருகிறது. வேகத்தடையைத் தாண்டிப் பாடி மேலெழும்போது சக்கரம் எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதை ஷாக்கின் நீளம்தான் கட்டுப்படுத்துகிறது. ஸ்பேசர் அந்த எல்லையையே கீழே தள்ளிவிடுகிறது. டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட், அதன் ரப்பர் பூட், பால் ஜாயின்ட், பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர் எல்லாமே வடிவமைத்தவர் நினைத்திராத கோணத்துக்கு இழுபடுகின்றன. டோ, கேம்பர் என்ற சக்கரக் கோணங்கள் இரண்டும் மாறுவதால் அலைன்மென்ட் பார்க்காமல் விட்டால் டயர் ஒருபக்கமாகத் தேயும். டாப் மவுண்டின் போல்ட்டுகள் ஸ்பேசரின் கனத்துக்குப் போதாமல், நட்டு நாலைந்து மரையில் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் ஆபத்தும் உண்டு. இன்னோவா கிரிஸ்டாவில் கணக்கே வேறு. அதன் முன்பக்கம் டபுள் விஷ்போன். ஷாக் கீழ்க்கையின் நடுவில் உட்காருவதால், மேலே வைக்கும் தட்டின் கனத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேலாக வண்டி உயரும். டிசையர் போன்ற சின்னக் காருக்குச் சொன்ன அளவை இதற்கும் போடுவது பெரிய தப்பு.

ஓட்டத்தை உண்மையிலேயே கூட்ட வேண்டுமானால் ராடின் தலையைப் பிடிக்கும் புள்ளி பாடிக்குள் மேலே ஏற வேண்டும்; அல்லது ஷாக்கே நீளமாக வேண்டும். ரேலி கார்களில் ஸ்ட்ரட் டவரை வெட்டி உயர்த்தி, ரோல் கேஜோடு சேர்த்து வெல்டு செய்து, நீண்ட ஷாக்கை இறக்குவார்கள். பிரேக் போடும்போதும் வளைவிலும் வரும் விசையெல்லாம் அந்த டவரில்தான் விழுகிறது. அதனால் அது கேஜ், சரியான தகடு, பரிசோதனை என்று எல்லாம் உள்ள இடத்தில் நடக்க வேண்டிய வேலை. கேஸ் வெல்டிங்கும் கிரைண்டரும் மட்டும் வைத்துக்கொண்டு குடும்பக் காரில் அதைச் செய்வதை எந்த நிலையிலும் ஏற்க முடியாது. வண்டியைத் தாழ்த்தி ஓட்டும் இளைஞர்கள் டாப் மவுண்டின் ரப்பரை எடுத்துவிட்டு, ராடைச் சற்று மேலேற்றிப் பிடிக்கும் இரும்பு மவுண்ட் போடுகிறார்கள். தாழ்த்தியதால் இழந்த ஓட்டத்தில் கொஞ்சம் திரும்பும் என்பது சரிதான். ஆனால் அதிர்வும் சத்தமும் நேராகப் பாடிக்குள் இறங்கும்.

ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டி தட்டுகிறதென்றால், பெரும்பாலும் சோர்ந்துபோன ஸ்பிரிங், நைந்த பம்ப் ஸ்டாப், செத்த மவுண்ட் ரப்பர் ஆகியவைதான் காரணம். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துப் பாருங்கள். ஸ்பிரிங் 'டிங்' என்று விடுபட்டால் மவுண்ட் பேரிங் போய்விட்டது. சக்கர நடுவிலிருந்து அதன் மேலுள்ள பாடி வளைவின் விளிம்பு வரை டேப்பால் அளந்து, இடவலம் ஒப்பிடுங்கள். ஷாக்கின் தூசி உறையைத் தூக்கி, ராடில் ஒரு கேபிள் டையைக் கட்டி, முழு ஆளோடு வழக்கமான பாதையில் ஓட்டிவிட்டு வாருங்கள். அது எங்கே நகர்ந்து நிற்கிறதோ அதுவரைதான் ஓட்டம் செலவாகியிருக்கிறது. பம்ப் ஸ்டாப்பை எட்டவில்லை என்றால் உங்கள் குறை உயரம்தான், ஓட்டமில்லை.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டி மாறக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை விளக்கி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது.

இத்தனைக்கும் பாதிப் பழி சாலைக்கு. இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு வழுவழுவென்று ஏறி இறங்க வேண்டும். ஊர்த் தெருக்களில் ஒரு முழ அகலத்துக்குக் கூராகக் குவித்த தார் மேட்டை எந்த ஸ்பேசரும் சரிசெய்யாது. அதைச் செதுக்கச் சொல்லி மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ மனுக் கொடுங்கள். வண்டிக்குப் புது ஸ்பிரிங்கும் அசல் டாப் மவுண்டும் முதலில் போடுங்கள். ஸ்பேசரைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம்.