சிரித்துக்கொண்டே சொல்லும் துப்பு: மங்கி ஐலண்ட் விளையாட்டும் முன்குறிப்பு மரபும்

நகைச்சுவைச் சாகச விளையாட்டைத் தொடங்கப் போகிறவருக்கு முன்கூட்டியே சில குறிப்புகள் சொல்லும் வழக்கம் உண்டு. அவற்றில் பாதி அறிவுரை, பாதி கேலி. “கண்ணில் படுவதையெல்லாம் எடுத்துப் பையில் போட்டுக்கொள், யாருடையது என்று பிறகு பார்க்கலாம்”, “எதிரே வருபவரிடம் கேட்கக் கூடாத கேள்வியை முதலில் கேள்”, “வாளைவிட வாயைத் தீட்டு” என்ற பாணியில் அவை அமையும். கணினியில் மவுஸால் சுட்டி, சொடுக்கி ஆடும் கடற்கொள்ளையர் விளையாட்டுகளில் இந்த மரபு நன்கு வேரூன்றியிருக்கிறது. அதன் பயனையும் குறையையும் எடைபோட ஏற்ற களம் 1990இல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் வெளியிட்ட ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’.

ரான் கில்பர்ட் தலைமையில் டிம் ஷேஃபரும் டேவ் கிராஸ்மனும் சேர்ந்து உருவாக்கிய விளையாட்டு இது. கைப்ரஷ் த்ரீப்வுட் என்ற இளைஞன் கடற்கொள்ளையன் ஆகவேண்டும் என்ற ஒரே ஆசையோடு கரீபியக் கடலிலுள்ள மெலே தீவில் வந்து இறங்குகிறான். வாள்வீச்சு, திருட்டு, புதையல் தேடல் என மூன்று சோதனைகளில் அவன் தேறவேண்டும். ஆடுபவர் திரையின் அடிப்பகுதியில் உள்ள ‘எடு’, ‘கொடு’, ‘தள்ளு’, ‘பேசு’ போன்ற வினைச்சொற்களில் ஒன்றைச் சொடுக்கி, பிறகு ஒரு பொருளையோ ஆளையோ சொடுக்குகிறார். கைவேகம் தேவையில்லை. எந்தப் பொருள் எதற்கு உதவும் என்று கண்டுபிடிப்பதுதான் முழு ஆட்டமும்.

இந்த வகை விளையாட்டில் புதிரின் விடையும் நகைச்சுவையும் ஒன்றாகவே இருக்கின்றன. நடுவில் கப்பி பொருத்திய ரப்பர் கோழிப் பொம்மை ஒன்று கைப்ரஷிடம் சேர்கிறது. வேறோரிடத்தில் கடலுக்கு மேலே ஒரு கம்பிவடம் தொங்குகிறது. கோழியை வடத்தில் மாட்டிச் சறுக்கிக்கொண்டு அக்கரை சேரவேண்டும் என்பது விடை. அந்தக் கணத்தில்தான் சிரிப்பும் வருகிறது. இதை யாரேனும் முன்னதாகச் சொல்லிவிட்டால் புதிரும் போகும், சிரிப்பும் போகும். விடையைச் சொல்லிவிட்டு விடுகதை போடுவதைப் போன்றது அது. ஆகவே இங்கு நேரடியான அறிவுரை உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம். கேலிக் குறிப்பு விடையைத் தொடுவதில்லை. இந்த உலகத்தை எந்த மனநிலையோடு பார்க்கவேண்டும் என்பதை மட்டும் காட்டிவிட்டு நின்றுகொள்கிறது. இதன் முதல் பலம் இதுவே.

இரண்டாவது பலம், பயத்தைப் போக்குவது. அக்காலத்துச் சாகச விளையாட்டுகளில் ஒரு தவறான அடி வைத்தாலே நாயகன் செத்துப்போவான். சியரா நிறுவனத்தின் ‘கிங்ஸ் குவெஸ்ட்’ வரிசை அதற்குப் பேர்போனது. 1989இல் சாகச விளையாட்டுகளின் குறைகளைப் பட்டியலிட்டுக் கட்டுரை எழுதிய கில்பர்ட், செத்துச் செத்துக் கற்றுக்கொள்ளும்படி ஆடுபவரை வைக்கக் கூடாது என்று வாதிட்டார். அந்தக் கொள்கை மங்கி ஐலண்டின் உள்ளேயே ஒரு பகடியாகவும் இடம்பெற்றது. கைப்ரஷ் ஒரு பாறை விளிம்பிலிருந்து விழுகிறான். ஆட்டம் முடிந்தது என்று அறிவிக்கும் பெட்டி, சியரா விளையாட்டுகளில் வருவதைப் போலவே திரையில் தோன்றுகிறது. அடுத்த நொடி கீழே இருந்த ரப்பர் மரத்தில் பட்டு அவன் எகிறி மேலே வந்து நிற்கிறான். இந்த விளையாட்டில் துணிந்து எதையும் செய்து பார்க்கலாம் என்ற செய்தியை ஒரு பக்க விளக்கத்தைவிட அந்த நகைச்சுவை விரைவாகப் பதியவைக்கிறது. விளையாட்டுக்கு முன் சொல்லப்படும் நல்ல கேலிக் குறிப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது.

மூன்றாவது, சிரிப்புக்குள் உண்மையான துப்பை ஒளித்துவைக்க முடிவது. தன்னால் பத்து நிமிடம் மூச்சை அடக்க முடியும் என்று கைப்ரஷ் பெருமையடித்துக்கொள்கிறான். கேட்பவர் அதை வெற்று வீம்பு என்று எண்ணுவார். பின்னர் அவனைக் கனமான சிலையோடு கயிற்றில் கட்டிக் கடலுக்குள் வீசுகிறார்கள். கயிற்றை அறுக்கக்கூடிய கூர்மையான பொருள்கள் சுற்றிலும் கிடக்கின்றன, ஒன்றும் கைக்கு எட்டவில்லை. விடை மிக எளியது: சிலையையே கையில் எடுத்துக்கொண்டு மேலேறிவிடலாம். எதையும் செய்யாமல் உண்மையாகவே பத்து நிமிடம் கடந்துவிட்டால் கைப்ரஷ் மூழ்கி இறக்கிறான். விளையாட்டில் அவன் சாகக்கூடிய இடம் அது ஒன்றுதான். வீம்புப் பேச்சு அப்படியே அளந்து சொன்ன உண்மையாக மாறுகிறது. “மூச்சை அடக்கப் பழகிக்கொள், பத்து நிமிடம் போதும்” என்று ஒருவர் முன்கூட்டியே கேலியாகச் சொன்னால், கேட்பவருக்கு அப்போது அது வெறும் சிரிப்பு. அந்த இடத்துக்கு வந்த பிறகுதான் அது துப்பாகிறது.

பலங்கள் இவ்வளவு இருந்தாலும் குறைகள் சிறியவை அல்ல. முதலாவது, கேலியை மெய்யென நம்பிவிடுவது. விளையாட்டின் பழைய நெகிழ்தட்டுப் பதிப்பில், காட்டிலுள்ள ஒரு மரக்கட்டையை ஆராய்ந்தால் அதற்குள் சுரங்க வழி இருப்பதாகக் கைப்ரஷ் சொல்வான். உடனே 22ஆம் வட்டைப் போடு, 36ஆம் வட்டைப் போடு, 114ஆம் வட்டைப் போடு என்று திரை கேட்கும். அத்தனை வட்டுகள் கிடையவே கிடையாது, அது முழுக்க நையாண்டி. ஆனால் தம் பெட்டியில் வட்டுகள் குறைகின்றன என்று நம்பிப் பலர் நிறுவனத்தின் தொலைபேசி உதவி எண்ணை அழைத்தார்கள். பின்வந்த குறுந்தகட்டுப் பதிப்பில் அந்த நகைச்சுவை நீக்கப்பட்டது. 1991இல் வந்த இரண்டாம் பாகத்தில் கைப்ரஷே அந்த உதவி எண்ணுக்குப் பேசுவதாக ஒரு காட்சி வைத்து இதையும் கிண்டலாக்கினார்கள். விளையாட்டின் தொனி பழகாத ஒருவருக்குப் பொய்க்குறிப்பு சிரிப்பைத் தருவதில்லை, குழப்பத்தையே தருகிறது. தொடங்கும் முன்பே சொல்லப்படும் குறிப்புக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். கேட்பவருக்குத் தொனி பழக அப்போது வாய்ப்பே கிடைத்திருக்காது.

இரண்டாவது, மொழி. இந்த நகைச்சுவையில் பெரும்பகுதி ஆங்கிலச் சிலேடை. பாலத்தை மறித்து நிற்கும் பூதம், கவனத்தை ஈர்க்கும், ஆனால் உண்மையில் முக்கியமில்லாத ஒரு பொருளைக் கேட்கிறது. சிவப்பு ஹெர்ரிங் மீனைக் கொடுத்தால் வழி விடுகிறது. திசைதிருப்பும் போலித்துப்பை ஆங்கிலத்தில் அந்த மீன் பெயரால் குறிப்பார்கள் என்று தெரிந்தவருக்கே விடையும் சிரிப்பும் கிட்டும். இரண்டாம் பாகத்தில் ஒரு நீரேற்றும் இயந்திரத்தை நிறுத்த, மயக்கிவைத்த குரங்கைத் திருகு சாவியாகப் பயன்படுத்தவேண்டும். அந்தக் கருவிக்கு ஆங்கிலத்தில் ‘மங்கி ரெஞ்ச்’ என்று பெயர். ஸ்பேனர் என்று சொல்லிப் பழகிய ஊரில் குரங்குக்கும் அதற்கும் என்ன உறவு? இந்தியாவில் மட்டுமல்ல, ஸ்பேனர் என்ற சொல்லே புழங்கும் பிரிட்டனிலும் இது ஆடுபவர்களைத் திணறவைத்தது. இத்தகைய இடத்தில் கேலிக் குறிப்பு பயனற்றது. பண்பாட்டுத் தகவலை நேராகச் சொல்வதே நேர்மையான உதவி.

மூன்றாவது குறை இதையொட்டியது. மோசமாக அமைந்த புதிருக்குக் கேலி ஒரு போர்வையாகிவிடுகிறது. ஆடுபவர் மாட்டிக்கொண்டது அவருடைய மந்தத்தாலா, வடிவமைப்பாளரின் தவறாலா என்ற கேள்வியை “எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்” என்ற வேடிக்கை அறிவுரை மழுப்பிவிடுகிறது. அப்படிக் கண்மூடித்தனமாகச் சொடுக்கிக்கொண்டே போவது புதிரை விடுவிப்பது ஆகாது. குரங்கும் இயந்திரமும் அப்படித் தற்செயலாகப் பொருந்திவிட்டால் ஆடுபவருக்குச் சிரிப்பு வருவதில்லை, வேலை முடிந்த அலுப்புதான் மிஞ்சுகிறது.

வசைமொழி வாட்போர் இந்தப் பலத்தையும் பலவீனத்தையும் ஒருசேரக் காட்டுகிறது. இந்தத் தீவில் வாட்சண்டையை வெல்வது கையல்ல, வாய். எதிரி ஒரு வசையை வீசுவான், அதற்குப் பொருந்தும் பதிலடியைச் சொல்பவர் முன்னேறுவார். வசைகளையும் பதில்களையும் வழியில் எதிர்ப்படும் கொள்ளையரிடம் தோற்றுத்தான் கற்கவேண்டும். கடைசியில் வாள்வீச்சுத் தலைவி புதிய வசைகளைத் தொடுப்பார், பழைய பதில்களையே அவற்றுக்குப் பொருத்திக் காட்டவேண்டும். பதில்களின் பட்டியலை முன்கூட்டியே கையில் கொடுத்தால் இந்தப் பகுதி மனப்பாடத் தேர்வாகிவிடும். ஒன்றுமே சொல்லாவிட்டால், முதல் நாலு தோல்வியிலேயே தன்னால் ஆகாது என்று சிலர் விலகிவிடுவார்கள். “அவமானப்படத் தயங்காதவனே இங்கு தேறுவான்” என்ற ஒரு வரி இரண்டுக்கும் நடுவே சரியாக நிற்கிறது. தோல்வியே பாடம் என்று சொல்கிறது, பாடத்தைச் சொல்லிவிடவில்லை.

குறிப்பு தருவதில் இந்தச் சமநிலையைத் தேடும் முயற்சி மங்கி ஐலண்டுக்கும் முந்தியது. 1980களில் இன்ஃபோகாம் நிறுவனம் தன் எழுத்துவழிச் சாகச விளையாட்டுகளுக்கு கண்ணுக்குத் தெரியாத மையால் அச்சிட்ட துப்புப் புத்தகங்களை விற்றது. தேவையான வரியை மட்டும் சிறப்புப் பேனாவால் தேய்த்து வெளிக்கொணரலாம். கேள்விகளைப் பார்த்தே கதையை ஊகித்துவிடாதிருக்கப் பொய்க்கேள்விகளும் வேடிக்கைப் பதில்களும் நடுநடுவே கலந்திருந்தன. மங்கி ஐலண்டின் இரண்டாம் பாகம், புதிர்கள் குறைந்த எளிய வடிவத்தைத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுக்க விட்டது. சாகச விளையாட்டே ஆடியதில்லை, பயமாக இருக்கிறது என்று சொல்பவருக்கானது அது என்று திரையே கேலி செய்யும். 2009இல் வந்த புதுப்பித்த பதிப்பில் படிப்படியாகத் துப்பு தரும் வசதி சேர்ந்தது. 2022இல் வெளியான ‘ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்’, துப்புப் புத்தகத்தையே கைப்ரஷ் சுமந்து திரியும் ஒரு பொருளாக்கிவிட்டது. ஆடுபவர் கேட்ட அளவுக்கு மட்டுமே அது வாய்திறக்கும்.

இந்த ஏற்பாடுகள் வந்துவிட்டதால் விளையாட்டுக்கு முந்தைய கேலிக் குறிப்பின் வேலை சுருங்கியிருக்கிறது. மாட்டிக்கொண்டவரை மீட்கும் பொறுப்பு இப்போது அதற்கில்லை. ஆடுபவரைச் சரியான மனநிலையில் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவதே அதற்கு எஞ்சிய வேலை. அந்த வேலையைச் செய்யும் குறிப்புக்கு மூன்று இலக்கணங்கள் உண்டு. விடையைச் சொல்லாமல் பார்க்கும் விதத்தைச் சொல்லவேண்டும். கேட்பவர் அதைச் சொல்லுக்குச் சொல் நம்பிவிட்டாலும் அவருக்கு நட்டம் வரக் கூடாது. மொழி தெரியாததால் வரும் தடையைக் கேலியால் மூடாமல் நேராக விளக்கவேண்டும். பத்து நிமிட மூச்சு இம்மூன்றிலும் தேறுகிறது. 114ஆம் வட்டு இரண்டாவதில் தவறுகிறது, குரங்குச் சாவி மூன்றாவதில் தவறுகிறது.