பழுப்புக் கோடுகளின் அழகு

அலாஸ்காவின் கட்மாய்ப் பகுதியைக் காட்டும் அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் வரைபடத்தில் காடு பச்சை, நீர் நீலம், உயரம் பழுப்பு. மலைச்சரிவில் நெருக்கியடித்துக்கொண்டு வரும் பழுப்புச் சமஉயரக் கோடுகள், பள்ளத்தாக்குத் தரைக்கு வந்ததும் சட்டென்று விலகிப் படுத்துவிடுகின்றன. 1912 ஜூனில் எரிமலைச் சாம்பல் வந்து நிரப்பிய இடம் அது. சில இடங்களில் அதன் ஆழம் நூறு மீட்டருக்கும் மேல். அங்கே பச்சையைத் தேட வேண்டாம். ஆறுகள் சாம்பல்பாறையை அறுத்த இடுக்குகளில் மட்டும் கோடுகள் மறுபடி நெருங்கும்.

எனக்குப் பிடித்தது இன்னொரு வகைக் கோடு. 1916இல் இந்தப் பள்ளத்தாக்கைக் கண்ட தாவரவியலாளர் ராபர்ட் கிரிக்ஸ், உச்சி சரிந்து கிடந்த கட்மாய் மலைதான் வெடித்தது என்று நம்பினார். யார்தான் நம்பமாட்டார்கள்? பின்னாளில் நிலவியலாளர் கார்னிஸ் கர்ட்டிஸ் சாம்பல் அடுக்குகளின் தடிமனை இடம் இடமாக அளந்து, சமதடிமன் கோடுகள் வரைந்தார். அவை கட்மாயைச் சுற்றவில்லை. சுமார் பத்து கிலோமீட்டர் தள்ளியிருந்த நோவரப்டா என்ற சிறு மேட்டைச் சுற்றின. கட்மாயின் அடியிலிருந்த எரிமலைக் குழம்பு அந்த மேட்டின் வழியே வெளியேறியதால்தான் அதன் உச்சி உள்ளே இறங்கியது. மண்வெட்டியும் அளவுகோலும் பென்சிலும் செய்த துப்பறியும் வேலை!