தூதரை யார் விசாரிப்பது?

2018 ஜூலை 16 அன்று ஹெல்சிங்கியில் ட்ரம்பைச் சந்தித்த புதின் ஒரு பேரம் பேசினார். அமெரிக்கத் தேர்தலில் தலையிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட 12 ரஷ்ய உளவு அதிகாரிகளை விசாரிக்கும்போது அமெரிக்கப் புலனாய்வாளர்கள் உடனிருக்கலாம்; பதிலுக்கு, ரஷ்யா கைகாட்டும் அமெரிக்கர்களை விசாரிக்க வழிவிட வேண்டும். மாஸ்கோவில் தூதராக இருந்த மைக்கேல் மெக்ஃபாலின் பெயரும் அடிபட்டது. ட்ரம்ப் அந்த யோசனையை மெச்சினார். மூன்றே நாளில் செனட் 98-0 என்று வாக்களித்து அதை நிராகரித்தது.

செனட் செய்தது சரி. மெக்ஃபால் 2012இல் மாஸ்கோவில் பொறுப்பேற்றதுமே எதிர்க்கட்சியினரையும் மனித உரிமைப் போராளிகளையும் சந்தித்தார். கிரெம்ளினை உறுத்தியது அதுதான். ஆனால் தூதரின் வேலையே அதுதானே! பின்னாளில் விசாரணைக்கு இழுப்பார்கள் என்ற பயம் வந்துவிட்டால், ஆட்சிக்குப் பிடிக்காதவர் வீட்டுப் படியை எந்தத் தூதர் மிதிப்பார்? 1961ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம், தூதர் சாட்சி சொல்லக்கூடக் கட்டாயமில்லை என்கிறது. அலுவல்முறைச் செயல்களுக்கான பாதுகாப்பு, பதவி முடிந்த பிறகும் தொடரும்.

இந்த ஒப்பந்தம் தரும் விலக்குரிமை சாலை விபத்துக்கும் நீள்வதுதான் உறுத்துகிறது. 1997இல் வாஷிங்டனில் ஜார்ஜியத் தூதரக அதிகாரி குடித்துவிட்டு ஓட்டிய காரால் 16 வயதுச் சிறுமி இறந்தாள். நிதியுதவியை நிறுத்த வேண்டும் என்ற குரல் அமெரிக்காவில் எழுந்தது. ஜார்ஜியா விலக்குரிமையை விட்டுக்கொடுத்தது. அவருக்கு 7 முதல் 21 ஆண்டுவரை சிறைத்தண்டனை கிடைத்தது. 2019இல் இங்கிலாந்தில், அமெரிக்க அதிகாரி ஒருவரின் மனைவி தவறான பக்கத்தில் ஓட்டிய கார் மோதி 19 வயது இளைஞர் இறந்தார். அமெரிக்கா அந்த உரிமையை விட்டுக்கொடுக்க மறுத்துவிட்டது. 2022இல் லண்டன் நீதிமன்றத்தில் பெற்றோர் நேரில் உட்கார்ந்திருக்க, அந்தப் பெண்மணி அமெரிக்காவிலிருந்து காணொளியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 8 மாதச் சிறைத்தண்டனை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. சின்ன நாடு பணிகிறது, பெரிய நாடு மறுக்கிறது. இது அநீதி.

அதற்காக, சொந்தக் குற்றங்களை உள்ளூர் போலீஸ் விசாரிக்கட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. பிடிக்காத தூதர்மேல் போதைப்பொருள் வழக்கு ஜோடிக்க எத்தனையோ அரசுகளுக்கு ஒரு ராத்திரி போதும். அதே ஒப்பந்தத்தின் 31ஆம் பிரிவு, தூதர் தன் சொந்த நாட்டுச் சட்டத்திலிருந்து தப்ப முடியாது என்றும் சொல்கிறது. ஆனால் தாய்நாடு வழக்குத் தொடர்ந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. திருத்த வேண்டியது அந்த இடத்தைத்தான்: விலக்குரிமையை விட மறுக்கும் அரசு, குறித்த காலத்துக்குள் தன் நீதிமன்றத்திலேயே வழக்கை நடத்த வேண்டும், இறந்தவரின் குடும்பத்துக்கு அங்கே பேச இடம் தர வேண்டும்.