நடத்துநரும் கூலியும்: எம்.பி. சீனிவாசனின் சேர்ந்திசையை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

தமிழில் ‘நடத்துநர்’ என்றால் பஸ் கண்டக்டர்தான். அரசுப் பேருந்தில் அவருடைய இருக்கைக்கு மேலே அந்தச் சொல்லை எழுதியும் வைத்திருக்கிறார்கள். வாத்தியக் குழுவின் முன்னால், பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் ஒரு குச்சியோடு நிற்கிற ஆளுக்கு நம்மிடம் தனிச்சொல் கிடையாது. அப்படியொரு ஆள் நம் இசை மரபுகளில் இல்லாததுதான் காரணம். கச்சேரியில் பாடுகிறவரே தொடையில் தாளம் போட்டுக்கொள்கிறார். மிருதங்கக்காரர் அவர் முகத்தைப் பார்த்து வாசிக்கிறார். முன்வரிசை ரசிகரும் தன் தொடையில் தன் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறார். பறையாட்டத்தில் அடவை மாற்றக் குரல் கொடுப்பவர், தானும் அடித்துக்கொண்டேதான் குரல் கொடுக்கிறார். தான் ஒரு ஒலியும் எழுப்பாமல் மற்றவர் எழுப்பும் ஒலியை ஆளுகிற மனிதர், இன்று நாம் காணும் வடிவத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் ஆக்கம். பெரிய ஆலைகள் எழுந்த அதே காலத்தில்தான் பெரிய வாத்தியக்குழுக்களும் எழுந்தன.

எலியாஸ் கனெட்டி 1960இல் வெளியான ‘கூட்டமும் அதிகாரமும்’ நூலில் இந்த மனிதரை அதிகாரத்தின் கண்கூடான வடிவமாகவே காட்டுகிறார்: மற்றவர்கள் உட்கார்ந்திருக்க இவர் நிற்கிறார், யார் ஒலிக்கலாம், யார் அடங்க வேண்டும் என்பதை இவர் கை முடிவு செய்கிறது, அரங்கமே அசையாமல் இருந்தாக வேண்டும். இது நமக்குப் புரிந்துகொள்ளக் கஷ்டமான விஷயமில்லை. ஆனால் கனெட்டியோடு நின்றுவிட்டால் மேடையை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவர்களாகிவிடுவோம். மார்க்ஸ் மேடைக்குப் பின்னால் போகிறார். ‘மூலதனம்’ முதல் தொகுதியில், கூட்டுழைப்பு பற்றிய அத்தியாயத்தில், தனியாக வயலின் வாசிப்பவன் தன்னைத் தானே நடத்திக்கொள்வான், வாத்தியக்குழுவுக்குத்தான் தனியாக ஒரு நடத்துநர் தேவை என்கிறார். அதாவது, பலர் கூடி உழைக்கும் இடத்தில் ஒருங்கிணைப்பு என்பது உண்மையிலேயே ஒரு வேலை. மூன்றாம் தொகுதியில் அதே உதாரணத்துக்குத் திரும்பி வந்து இன்னொன்று சொல்கிறார்: நடத்துநர் அந்த வாத்தியங்களுக்குச் சொந்தக்காரராக இருக்க வேண்டிய அவசியமில்லை, வாசிப்பவர்களின் கூலியைப் பற்றிய பேச்சும் அவருடைய வேலையில் சேராது.

முதல் பாதி நம்பிக்கை தருகிறது. முதலாளி இல்லாமலும் உற்பத்தியை ஒருங்கிணைக்கலாம் என்பதற்கு அது சாட்சி. இரண்டாவது பாதி இடிக்கிறது. கூலியைப் பற்றிப் பேசாத ஒருங்கிணைப்பாளர் யார்? நம்ம ஊர் பாஷையில் அவருக்கு சூப்பர்வைசர் என்று பெயர்.

2

இந்தியாவிலிருந்து போய் உலகப் புகழ் பெற்ற நடத்துநர் என்றால் சுபின் மேத்தாதான். 1936இல் பம்பாயில் பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் மெஹ்லி மேத்தா பம்பாய் சிம்பொனி வாத்தியக்குழுவை உருவாக்கியவர். 1954இல் வியன்னா; ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் பயிற்சி. 1958இல் லிவர்பூல் போட்டியில் முதலிடம். பிறகு மாண்ட்ரியல், 1962 முதல் 1978 வரை லாஸ் ஏஞ்சலஸ், 1978 முதல் 1991 வரை நியூயார்க். 1977இல் இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநர். 1981இல் அந்தப் பதவி ஆயுட்காலத்துக்கு என்று ஆக்கப்பட்டது. 2019இல்தான் அதை விட்டு இறங்கினார். நடத்துநரின் வாழ்க்கையை இப்படித்தான் எழுதுவார்கள்: ஊர், குழு, ஆண்டு. கம்பெனி மாறி கம்பெனி போன மேலாளரின் பயோடேட்டாவும் இதே அச்சில்தான் இருக்கும்.

இது அவருடைய திறமையைக் குறைத்துச் சொல்வதாகாது. முதுகெலும்பு இல்லாதவர் என்றும் சொல்ல முடியாது. 1984இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் ஆசியச் சுற்றுப்பயணத்தின்போது, யூதத் தொடர்புடையது என்பதற்காக எர்னஸ்ட் ப்ளாக்கின் ஒரு படைப்பை நிகழ்ச்சியிலிருந்து எடுக்கச் சொன்னது மலேசிய அரசு. குழு மலேசியப் பயணத்தையே ரத்து செய்தது. 1994இல் சரயேவோவில், குண்டு விழுந்து எரிந்துபோன தேசிய நூலகத்தின் இடிபாடுகளுக்குள் நின்று மொஸார்ட்டின் இறந்தோர்க்கான பூசையிசையை அந்த ஊர்க்காரர்களை வைத்தே நடத்தினார்.

ஆனால் 2013 செப்டம்பர் 7ஆம் தேதி ஸ்ரீநகர் ஷாலிமார் தோட்டத்தில் நடந்ததையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஜெர்மன் தூதரகத்தின் ஏற்பாடு. பவேரிய அரசு வாத்தியக்குழு, பீத்தோவன். உள்ளே வர அழைப்பிதழ் வேண்டும். வெளியே கடையடைப்பு. காஷ்மீர் குடிமைச் சமூகத்தினர் அதே ஊரில் எதிர் நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார்கள். அன்றைய தினமே ஷோபியானில் துணை ராணுவத்தின் துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். இசை எல்லைகளைக் கடந்தது என்று மேடையில் சொல்லப்படும்போது, அந்த மேடைக்கும் துப்பாக்கிக்கும் இடையில் எத்தனை கெஜ தூரம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. மேத்தாவின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. அரங்கத்தின் கதவு யார் கையில் என்பது நடத்துநரின் வேலைக்குள் வராது. கூலி வராததைப் போலவேதான் இதுவும். பிரச்சினை அந்த வேலைப் பிரிவினையில் இருக்கிறது.

3

எம்.பி. சீனிவாசன் (1925–1988) இந்தப் பிரிவினையை உடைத்தவர். அவரை நினைவுகூர்பவர்கள் பாரதி பாடல்களின் மெட்டுக்காகவோ ‘பாதை தெரியுது பார்’ (1960) படத்துக்காகவோ நினைவுகூர்கிறார்கள். கேரளத்தில் அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘எலிப்பத்தாயம்’, ‘முகாமுகம்’ படங்களின் இசையமைப்பாளராக. இவை எல்லாம் சரிதான். ஆனால் இப்படித் துண்டு துண்டாக நினைவுகூர்ந்தால் அவர் செய்த காரியத்தின் முழு உரு தட்டுப்படாது.

மாணவப் பருவத்திலேயே கம்யூனிஸ்ட் இயக்கத்துக்கு வந்தவர். டெல்லியில் ஏ.கே. கோபாலனிடம் செயலாளராக இருந்தவர். சைஃபுதீன் கிச்லுவின் மகள் ஜாஹிதாவை மணந்தவர். 1943இல் உருவான இப்டா என்கிற மக்கள் நாடக மன்றத்தின் பாட்டு மரபு அவருக்குப் பின்புலம். அந்த மரபிலிருந்துதான் 1958இல் பம்பாயில் சலீல் சௌத்ரியும் கல்கத்தாவில் ரூமா குஹ தாகுர்தாவும் இளைஞர் சேர்ந்திசைக் குழுக்களைக் கட்டினார்கள். 1970களின் தொடக்கத்தில் எம்.பி.எஸ். சென்னையில் கட்டிய ‘மெட்ராஸ் யூத் கொயர்’ அந்த வரிசையில் வருவது.

மற்றவர்களிடமிருந்து அவரை வேறுபடுத்துவது சேர்ந்திசைக் குழுவுக்கு முன்பே அவர் கட்டிய இன்னொன்று. சென்னைத் திரைப்பட ஸ்டுடியோக்களில் வயலினும் செல்லோவும் தபலாவும் வாசித்தவர்கள் ஒலிப்பதிவுக்கு ஒலிப்பதிவு கூப்பிடப்பட்ட கூலிக்காரர்கள். அவர்களுக்குத் திரை இசைக் கலைஞர் சங்கம் உருவாக உழைத்தவர் எம்.பி.எஸ். ‘பாதை தெரியுது பார்’ இயக்குநர் நிமாய் கோஷும் அவரும் சேர்ந்து திரைத் தொழிலாளர்களின் சங்கங்களுக்கு அடித்தளம் போட்டார்கள். ஒரு இசையமைப்பாளர், தனக்குக் கீழே வாசிக்கிறவர்களின் கூலிக்காகத் தயாரிப்பாளரோடு மல்லுக்கு நிற்கிறார்! தமிழ்த் திரையுலகம் அவருக்குக் கொடுத்த படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்பதற்கு இதுவே காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. கூலி நடத்துநரின் வேலைக்குள் வராது என்று மார்க்ஸ் விவரித்த நிலையை, மார்க்சியர் ஒருவர் தன் நடைமுறையால் மாற்றிக் காட்டியிருக்கிறார். நம் கலை இலக்கிய விவாதங்களில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துப் பேசக் காணோம்.

இதில் ஒரு முரணும் உண்டு. 1961இல் யேசுதாஸ் தன் முதல் திரைப் பாடலைப் பதிவு செய்தது எம்.பி.எஸ். இசையில்தான், நாராயண குருவின் சாதி மறுப்பு வரிகள். பிற்காலத்தில் தென்னிந்தியாவின் மாபெரும் தனிக்குரலாக வளர்ந்த ஒன்றுக்குக் கதவைத் திறந்துவிட்டவர், கடைசிவரை தனிக்குரலுக்கு மாற்றைத் தேடிக்கொண்டிருந்தார். 1988 மார்ச்சில் லட்சத்தீவில் அவர் இறந்தபோதும் சேர்ந்திசைப் பயிற்சிக்காகத்தான் அங்கே போயிருந்தார்.

4

சேர்ந்து பாடுவது என்றால் எல்லாரும் ஒரே வரியை ஒரே மாதிரிப் பாடுவது என்றுதான் நம் மேடைகள் புரிந்துவைத்திருக்கின்றன. அல்லது ஒருவர் பாட, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவது. நம் இயக்கங்களின் கலை இரவுகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான். மைக் ஒருவர் கையில். மற்றவர்களுக்கு அவர் முடித்த வரியைத் திருப்பிச் சொல்லும் வேலை. தலைவர் பேச்சுக்கு நடுநடுவே கோஷம் போடுகிற மாதிரி.

எம்.பி.எஸ். எடுத்துக்கொண்ட பிரச்சினை வேறு. சுருதியிலிருந்தே பார்ப்போம். பெண்கள் பொதுவாக ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுகிறவர்கள். ஆண்கள் ஒன்று, ஒன்றரை. எல்லாரும் ஒரே வரியை ஒரு கட்டையில் பாடினால் பெண்கள் குரல் கிணற்றுக்குள் போய்விடும். ஐந்து கட்டைக்கு ஏற்றினால் ஆண்கள் கத்த வேண்டியிருக்கும். ஆக, ‘ஒரே குரல்’ என்பது எப்போதும் யாரோ ஒருவருடைய கட்டைதான். வரியைப் பல குரல்களாகப் பிரித்துக் கொடுத்தால் அவரவர் தம் குரல் நிற்கிற இடத்திலேயே நின்று பாட்டில் சேரலாம். மேற்கத்திய ஹார்மனியை அலங்காரமாக ஒட்டவைத்தது என்று இதைத் தள்ளிவிட முடியாது; ராகம் கெடாமல் இதைச் செய்வது லேசுப்பட்ட வேலையும் இல்லை.

பாடுகிறவருக்கோ இது வேறு விதமான பயிற்சி. பக்கத்தில் இருப்பவர் வேறொன்றைப் பாடுகிறார். அவரைக் காப்பியடித்தால் பாட்டு குலையும். அவர் பாடுவது காதில் விழாமல் பாடினாலும் குலையும். தன் வரியை விடாமல் அடுத்தவர் வரியைக் கேட்க வேண்டும். நம் கிளைக் கூட்டங்களில் இதை எத்தனை பேர் கற்றிருக்கிறோம்?

விமர்சனம் இல்லாமல் இல்லை. எம்.பி.எஸ். சேர்ந்திசையின் மையத்தில் பாரதி இருந்தார், ராகம் இருந்தது, சென்னை நகரத்துப் படித்த இளைஞர்கள் இருந்தார்கள். ஒப்பாரியில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து, ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பாட்டை, தத்தம் துக்கத்தை, ஒரே மூச்சுக் கணக்குக்குள் பாடுகிறார்களே, அந்தப் பலகுரல் அந்த மையத்துக்கு வரவில்லை. பறையும் வரவில்லை. இன்னொரு ஆபத்தும் இருந்தது. 1980களில் என்.சி.இ.ஆர்.டி. வழியாக அரசும் பள்ளிகளில் சேர்ந்து பாட வைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. பல மொழிகளில் பாட்டு, ஒரே தேசம் என்ற கருத்தியல். வேற்றுமை சீருடை போட்டுக்கொண்டு வரிசையில் நின்றது. பல மொழிப் பாடல்களைப் பாடிய எம்.பி.எஸ். குழுவையும் இந்தச் சட்டகத்துக்குள் அடைத்துவிடுவது சுலபம். அப்படி அடைபடாமல் அதைக் காப்பது அவருடைய தொழிற்சங்க வரலாறுதான். அதை நீக்கிவிட்டால் மிஞ்சுவது குடியரசு தின நிகழ்ச்சி.

5

இதையெல்லாம் பல்லடம் சாலையில், அருள்புரத்தில் உட்கார்ந்து ஏன் எழுத வேண்டும்?

எம்.பி.எஸ். சங்கம் கட்டிய அந்த வாத்தியக்காரர்களைப் பின்னாளில் சிந்தசைசரும் கம்ப்யூட்டரும் ஸ்டுடியோவை விட்டு வெளியே தள்ளின. மிச்சமிருப்பவர்கள் தனித்தனியாக வந்து, ஹெட்போனில் டக் டக்கென்று விழும் கிளிக் ட்ராக்குக்கு வாசித்துவிட்டுப் போகிறார்கள். நடத்துநர் இல்லை. ஆனால் அந்தக் கிளிக்கோடு எந்த நடத்துநரோடும் போல வாதாட முடியாது. மாஸ்கோவில் 1922இல் தொடங்கிப் பத்து ஆண்டுகள் நடத்துநர் இல்லாமலே ஒரு வாத்தியக்குழு இயங்கியது. வாசிப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். நடத்துநர் இல்லாமல் போவதற்கு இப்படி இரண்டு வழிகள் இருக்கின்றன. நம் பனியன் கம்பெனிகள் போயிருப்பது முதல் வழியில். லைனுக்கு மேலே தொங்குகிற டார்கெட் போர்டு மணிக்கு இத்தனை பீஸ் என்கிறது. பவர் டேபிளில் இருக்கிறவர், கைமடிக்கிறவர், செக்கிங் பார்க்கிறவர் எல்லாரும் அதற்குத்தான் வாசிக்கிறார்கள். காதில் அவரவர் இயர்போன்.

1984இல் பஞ்சப்படிக்காகத் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்றைய லைன் பெரும்பாலும் தமிழ் பேசியது. இன்று அதே லைனில் ஒடியா, இந்தி, வங்காளி எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. சங்கக் கூட்டத்தின் மொழியோ இன்னமும் தமிழ்தான். வந்தவர்கள் நம் கோஷத்தைப் பின்பாட்டாகச் சொன்னால் போதும் என்று நினைக்கிறோம். ஒடிசாவிலிருந்து வந்த பெண் தன் கட்டையில், தன் மொழியில், தன் வரியைப் பாட, நாம் நம்முடையதை விடாமல் அதைக் கேட்கிற ஒரு ஏற்பாட்டை மே தின மேடையிலாவது யோசித்திருக்கிறோமா? எம்.பி.எஸ். விட்டுச் சென்ற வடிவம் இந்த வேலைக்குப் பொருந்தும். அவருடைய குழு ஆலை வாசல்வரை வராமல் நின்ற இடத்திலிருந்து அதை எடுத்துக்கொண்டு வர வேண்டியவர்கள் நாம்.

வெறும் ஆசையாகச் சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. சேர்ந்திசைக்கு முதல் தேவை ஒத்திகை. வாரத்தில் இரண்டு மூன்று மாலைகளாவது வேண்டும். ஒன்றரை ஷிப்டு அடித்துவிட்டு ராத்திரி ஹாஸ்டலுக்குத் திரும்புகிறவருக்கு மாலை என்று ஒன்று கிடையாது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் சந்தைக்குப் போகவும் ஊருக்கு போன் பேசவுமே சரியாகப் போகிறது. சென்னை இளைஞர்களுக்கு மாலைப் பொழுது இருந்தது, பாடினார்கள். அருள்புரத்தில் ஒரு சேர்ந்திசைக் குழு வேண்டும் என்றால் முதலில் எட்டு மணி நேர வேலையையும், அந்த எட்டு மணி நேரத்துக்கே வயிறு நிரம்புகிற கூலியையும் கேட்டாக வேண்டும். அந்தக் கோரிக்கை மனுவைத் தயாரிக்க உட்காரும்போது, குழுவை நடத்தப்போகிறவரும் அந்த மேஜையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.