இரட்சணிய யாத்திரிகத்தில் தலைமையும் அடைக்கலமும்

முன்னுரை

தமிழில் தோன்றிய கிறித்தவக் காப்பியங்களுள் வீரமாமுனிவரின் தேம்பாவணியும் எச்.ஏ.கிருட்டிணப் பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் முதன்மையானவை. கி.பி. 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம், ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என்னும் ஐந்து பருவங்களையும் 3766 பாடல்களையும் உடையது. ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ‘பில்கிரிம்ஸ் புரோகிரஸ்’ என்னும் உரைநடை உருவகக் கதையைத் தழுவியது. கிருட்டிணப் பிள்ளை (1827 - 1900) நெல்லைப் பகுதியில் வைணவ வேளாளர் குடியில் பிறந்து, கம்பராமாயணப் பயிற்சியுடன் வளர்ந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர்.

இந்நூலை ஆராய்ந்தோர் பெரும்பாலும் இரு நிலைகளில் நிற்கின்றனர். கம்பனின் யாப்பும் அணியும் புதிய பொருளுக்குப் போர்த்தப்பட்ட ஆடை என்பது ஒரு நிலை. ஆசிரியரின் பழைய வைணவ பத்தியே கிறித்தவப் பெயரில் தொடர்கிறது என்பது மற்றொரு நிலை. முன்னது மொழியை வெறும் அணிகலனாக்குகிறது. பின்னது ஆசிரியரின் சமய மாற்றத்தையே பெயர் மாற்றமாகச் சுருக்குகிறது. இவ்விரண்டுக்கும் அப்பால், கடவுளை நம்பி வாழ்தல் என்பதன் பொருளைக் காப்பியக் கட்டமைப்பே எவ்வாறு புலப்படுத்துகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தன்னேரில்லாத் தலைவன் யார்?

பெருங்காப்பியத்திற்கு ஒப்பற்ற தலைவன் ஒருவன் வேண்டும் என்பது தண்டியலங்காரம் கூறும் இலக்கணம். தேம்பாவணி இவ்விலக்கணத்திற்கு இடையூறின்றி அமைகிறது. அதன் தலைவராகிய சூசையப்பர் தூயவர். இரட்சணிய யாத்திரிகத்தின் பயணியோ அத்தகையவன் அல்லன். அவன் பாவச் சுமையை முதுகில் தாங்கி, அழிவுக்குரிய நகரை விட்டு அஞ்சி ஓடுபவன். சேற்றில் விழுகிறான், பிழையான அறிவுரை கேட்டு வழி தவறுகிறான், உறங்கிப் பொருளை இழக்கிறான். வீரத்தாலோ அறிவாலோ ஒப்பற்றவன் என்று அவனைச் சொல்ல இயலாது. மூல நூல் காப்பிய இலக்கணத்தைக் கருதி எழுந்ததன்று. ஆகவே பனியனுக்கு இச்சிக்கல் இல்லை. கிருட்டிணப் பிள்ளைக்கு உண்டு.

இச்சிக்கலை அவர் எதிர்கொண்ட முறை நோக்கத்தக்கது. பனியனின் கதையில் பயணி சிலுவையைக் கண்ட அளவில் சுமை கழன்று விழுகிறது. அந்நிகழ்ச்சி ஒரு சிறு பத்தியளவில் முடிந்துவிடுகிறது. சிலுவையின் வரலாற்றைப் படிப்போர் முன்பே அறிவர் என்னும் நம்பிக்கை அந்நூலாசிரியருக்கு இருந்தது. கிருட்டிணப் பிள்ளையோ குமார பருவத்தில் ‘இரட்சணிய சரித படலம்’ அமைத்து, இயேசு கட்டுண்டு நின்றதையும் இகழ்ச்சியைப் பொறுத்ததையும் விரிவாகப் பாடுகிறார். கிறித்தவ மறையை முன்பின் அறியாத தமிழ்ச் சூழலில் இவ்விரிவு தேவையானதே. எனினும் அதன் பயன் அறிமுகத்தோடு நின்றுவிடவில்லை. இப்படலத்தால் காப்பியம் தன்னேரில்லாத் தலைவனைப் பெறுகிறது. நடப்பவன் ஒருவன், அவன் நடையைத் தாங்குபவர் மற்றொருவர். தலைமை இவ்வாறு இரண்டாகப் பிரிவது காப்பிய ஒருமைக்குக் குறை எனக் கருதப்படலாம். ஆனால் நம்பிக்கை என்பதே பிறர் ஒருவரைச் சார்ந்து நிற்றல் ஆதலின், இப்பிரிவு நூற்பொருளிலிருந்தே பிறக்கிறது.

கம்பனோடு ஒப்பிடும்போது இது மேலும் தெளிவாகும். இராமாயணத்தில் தலைவனும் புகலிடமும் ஒருவனே. குகனும் வீடணனும் அவனை வந்தடைகின்றனர். கதை அவர்களைச் சந்தித்துவிட்டு இராமனோடு மேற்செல்கிறது. இரட்சணிய யாத்திரிகத்தில் அடைக்கலம் தேடி வருபவனோடு கதை செல்கிறது. வீடணன் அடைக்கலப் படலத்தில் ஒரு கட்டமாக அமைந்த நிலை இங்கு முழுக் காப்பியத்தின் பொருளாக விரிகிறது. ‘கிறித்தவக் கம்பர்’ என்னும் பாராட்டு ஒற்றுமையைக் காட்டுகிறதேயன்றி இவ்வேறுபாட்டைக் காட்டுவதில்லை.

விசுவாசம் என்னும் சொல்

சீர்திருத்தக் கிறித்தவத் தமிழில் ‘விசுவாசம்’ அடிப்படைச் சொல். இச்சொல் கிருட்டிணப் பிள்ளைக்குப் புதியதன்று. வேதாந்த தேசிகர் முதலிய வைணவ ஆசாரியர் சரணாகதிக்குரிய ஐந்து அங்கங்களுள் ஒன்றாக மகாவிசுவாசத்தை எண்ணுவர். காப்பான் என்னும் உறுதி, தன்னால் இயலாமையை உணர்தல், காக்குமாறு வேண்டுதல் ஆகியவை அங்குச் சேர்ந்தே வருகின்றன. ஆகவே கிறித்தவ நம்பிக்கையைப் பாட முற்பட்ட கவிஞருக்குப் பண்பட்ட ஓர் உணர்வு மொழி முன்பே கிடைத்திருந்தது.

ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. வைணவத்தில் பாவியின் குற்றத்தைத் தாயன்பாகிய வாத்சல்யம் மறைக்கிறது. தென்கலை மரபு, அடியவன் குற்றத்தையும் இறைவன் இனியதாகக் கொள்வான் என்னும் அளவுக்குச் செல்லும். அடியவனுக்காக இறைவனிடம் பரிந்துரைப்பவள் திருமகள். இரட்சணிய யாத்திரிகத்தில் பாவம் இனியதாகக் கொள்ளப்படுவதில்லை. அது சுமையாகவே இருந்து, ஒருவர் பட்ட துன்பத்தால் கழற்றப்படுகிறது. பரிந்துரைப்பவரும் பாடுபட்டவரும் ஒருவரே. ஆகவே விசுவாசம் என்னும் சொல் பழைய உணர்வைக் கொண்டுவந்தாலும், அது பற்றி நிற்கும் இடம் வரலாற்று நிகழ்ச்சியாகிய சிலுவைக்கு மாறுகிறது. சொல் தொடர்வதும் பற்றுக்கோடு மாறுவதும் ஒருங்கே நிகழ்கின்றன. இவற்றுள் ஒன்றை மட்டும் கண்டு முடிவு கூறுவதால்தான் முற்கூறிய இரு நிலைகளும் குறைபடுகின்றன.

நடையாகும் நம்பிக்கை

சுமை விழுந்ததும் கதை முடிவதில்லை என்பது உருவகத்தின் உட்கருத்து. பனியனின் பயணி சிலுவைக்குப் பின்னரே குன்றேறுகிறான், பகைவனோடு போரிடுகிறான், இருள் சூழ்ந்த பள்ளத்தாக்கைக் கடக்கிறான், மாயச் சந்தையில் தோழனைப் பறிகொடுக்கிறான். ஐயக் கோட்டையில் அடைபட்டபோது, வாக்குறுதி என்னும் திறவுகோல் தொடக்கம் முதலே தன் மடியில் இருந்ததை மறந்து பலநாள் வருந்துகிறான். நம்பிக்கை பெற்ற பொருளாயினும் நினைவில் எடுத்துப் பயன்கொள்ளாதவிடத்து அது உதவுவதில்லை என்பதே இதன் பொருள். செயலற்ற விசுவாசம் உயிரற்றது என்னும் யாக்கோபு நிருபக் கருத்தும் இதனோடு ஒத்தது. நற்செயல் மீட்பை ஈட்டித்தருவதில்லை. மீட்புப் பெற்றவன் நடவாமல் இருப்பதுமில்லை. பயணம் என்னும் உருவகம் இவ்விரண்டையும் முரணின்றி இணைக்கிறது.

இக்கதைப் போக்கில் கிருட்டிணப் பிள்ளை சேர்த்த தனிக்கூறு, இடையிடையே ‘தேவாரம்’ என்னும் பெயரில் வரும் இசைப்பாடல்கள். விருத்தம் கதையைப் படர்க்கையில் சொல்லிச் செல்கிறது; தேவாரம் இறைவனை முன்னிலையாக்கி அழைக்கிறது. படிப்பவர் கதை கேட்பவராக இருந்த நிலை மாறி வழிபடுபவராகிறார். பனியனின் நூலிலும் இடையே செய்யுள்கள் உண்டு. அவை பெரும்பாலும் நிகழ்ச்சியின் கருத்தைத் தொகுத்துரைப்பவை. தமிழ்க் காப்பியத்தின் தேவாரங்களோ உருகி வேண்டுபவை. பத்தி இலக்கிய மரபு வெறும் அணியாக அன்றி வழிபாட்டுச் செயலாகவே இங்குப் பணிபுரிகிறது.

நூலின் எல்லை

இச்சிறப்புகளோடு நூலின் குறையையும் கூறுதல் முறையாகும். பனியன் சிறிதளவே கல்வி பெற்றவர். அவர் நூல் எளிய மக்களின் பேச்சோடு ஒட்டிய உரைநடையில் அமைந்து, பரவலாகப் படிக்கப்பட்டது. தமிழில் ‘மோட்சப் பிரயாணம்’ என்னும் உரைநடை மொழிபெயர்ப்பும் அவ்வெளிமையை நாடியது. கிருட்டிணப் பிள்ளையின் விருத்தங்களோ கம்பனில் தோய்ந்த புலவர்க்கு உரியவை. வடசொற்பெருக்கும் நீண்ட வருணனையும் சில இடங்களில் பயணியின் அச்சத்தையும் அவசரத்தையும் மறைத்துவிடுகின்றன. அன்றைய நெல்லைத் திருச்சபையில் பெரும்பான்மையோர் உழைக்கும் எளிய மக்கள். அவர்களுடைய நம்பிக்கை வாழ்வைப் பாடிய காப்பியம் அவர்கள் தாமே படிக்க இயலாத மொழியில் அமைந்தது என்பது மறுக்க இயலாத உண்மை.

எனினும் காலம் இதற்கு ஒருவாறு விடை கண்டது. காப்பியம் முழுவதையும் கற்போர் இன்று மிகச் சிலரே. ஆனால் இவர் இயற்றிய இசைப்பாடல்கள் திருச்சபை வழிபாட்டில் இடம்பெற்று எளியோராலும் பாடப்படுகின்றன. புலவர் அவையை நோக்கி எழுந்த நூலாசிரியர் மக்கள் நாவில் நிலைத்தது, அவர் பத்தி மொழியை முன்னிலையில் பாடிய இடங்களாலேயே ஆகும்.

முடிவுரை

இரட்சணிய யாத்திரிகத்தின் தலைவன் குறையுடையவன். அவன் பற்றிய தலைவரே தன்னேரில்லாதவர். இவ்விரட்டைத் தலைமை, காப்பிய இலக்கணத்தைக் கிறித்தவ நம்பிக்கையின் இயல்புக்கேற்ப வளைத்ததன் விளைவு. வைணவ சரணாகதி மொழி இந்நூலில் தொடர்கிறது. அதன் பற்றுக்கோடு மாறியுள்ளது. கம்பனைப் பின்பற்றிய அளவை மட்டும் கொண்டு இந்நூலை மதிப்பிடும் போக்கு இனியேனும் மாற வேண்டும். அடைக்கலம் புகுந்தவன் அதன்பின் எவ்வாறு வாழ்வான் என்னும் வினாவைப் பெருங்காப்பியத்தின் நடுப்பொருளாக்கியதே கிருட்டிணப் பிள்ளை தமிழுக்கு அளித்த பங்களிப்பு எனலாம். தேம்பாவணியோடும் பத்தி இலக்கியங்களோடும் இந்நூலை இந்நோக்கில் ஒப்பிட்டு ஆராய்வது, தமிழ்க் காப்பிய வரலாற்றில் இதற்குரிய இடத்தை உறுதிசெய்யும்.