ஊர்தி ஆகாத விலங்கு

நைனார்பாளையத்தில் எந்த வீட்டுச் சுவரையும் பாருங்கள். நாள்காட்டியிலே புலி உண்டு; அதன் முதுகிலே ஒரு சாமியும் உண்டு. மயிலுக்கும் அதே கதி, எலிக்கும் அதே கதி. காட்டிலே தன் விருப்பப்படி திரிந்த உயிர், நம் ஓவியத்திலே கடவுளர்க்குச் சுமைதூக்கியாகக் காலந்தள்ளுகிறது. அதைக் கலை என்று நாமும் ஆணியடித்து மாட்டிவைத்திருக்கிறோம்.

சுமக்காத விலங்கைக் காண வேண்டுமானால், தோழர்களே, செஞ்சி வட்டாரத்துச் செத்தவரைப் பாறைக்குச் செல்லுங்கள். அங்கே மான் இருக்கிறது. முதுகிலே எவரும் இல்லை. தலைக்குப் பின்னே ஒளிவட்டமும் இல்லை. சொரசொரப்பான பாறையே திரை. மண் தந்த நிறமே வண்ணம். உடலின் உள்ளேயும் கோடுகள் ஓடுகின்றன. ஏன்? வேட்டையாடி, அறுத்து, பங்கிட்டு உண்டவன், தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை அறிந்தவன். அறிந்ததை வரைந்தான். சிற்ப சாத்திரம் அவனுக்குக் கட்டளையிடவில்லை. தானம் தந்து பெயர் பொறித்துக்கொள்ள மன்னனும் இல்லை.

விழுப்புரம் - திருக்கோவிலூர்ச் சாலையிலுள்ள கீழ்வாலையும் நமக்கு அயலூர் அன்று. 2019 வரை நாமும் அவர்களும் ஒரே மாவட்டத்தார். அங்குள்ள செந்நிற ஓவியங்களால் அப்பாறைக்கு 'இரத்தக் குடைக்கல்' என்றே பெயர். இரத்தமாம்! இரும்பு கலந்த செங்காவி மண்தான் அது. அதே செங்காவியால் இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவுக் குகையிலே ஒரு காட்டுப்பன்றியை வரைந்திருக்கிறார்கள். அது குறைந்தது 45,500 ஆண்டுப் பழமையானது என 2021இல் ஆய்வாளர் அறிவித்தனர்.

1879இல் ஸ்பெயினின் அல்தமிரா குகையிலே காட்டெருமைகள் வெளிப்பட்டபோது, "காட்டுமிராண்டிக்கு இக்கலை ஏது? போலி!" என்றனர் படித்த பெருமக்கள். அவர்களுள் ஒருவரான கார்த்தையாக், 1902இல் தம் தவற்றை ஒப்புக்கொண்டு எழுதினார். நம் புராணிகர் எவரேனும் அவ்வாறு எழுதியதுண்டா?

அந்த நேர்மை நமக்கும் வேண்டும். கீழ்வாலைக் குறிகளைச் சிந்துவெளி எழுத்தோடு இணைத்துப் பேசுவோர் உளர். கேட்க இனிக்கிறது, நம் மேடைகளிலே கைதட்டலும் கிடைக்கும். ஆயின், தோற்ற ஒற்றுமை சான்று ஆகிவிடாது. எதிரியிடம் கேட்கும் சான்றை நம்மிடம் கேட்க நாம் கூசலாமா?

செத்தவரைக்குப் போகும் தோழர்கள், படம் தெளிவாக விழட்டும் என்று ஓவியத்தின்மேல் தண்ணீர் தெளிக்க வேண்டாம். பக்கத்திலே தம் பெயரையோ, காதலியின் பெயரையோ, ஏன், நம் தலைவர்களின் பெயரையோகூடச் சுண்ணாம்பால் எழுத வேண்டாம்.